மலையகத்தில் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அட்டனுக்கு அருகே ஒரு சிறிய கராஜில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். வாகனத்தை விட்டுவிட்டு வாங்கில் காத்திருப்பவர்களின் சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. பாடசாலை ஆசிரியர் கேட்டதையே மறுநாள் மரக்கறி ஏற்றுகிறவரும் கேட்கிறார். நம்மிடம் ஓடும் கார்களில் பெரும்பாலானவை யப்பானில் ஓடிய பிறகு இங்கு வந்தவை என்பதால் அவற்றின் கைநூலை நம்மால் வாசிக்க முடிவதில்லை. கைநூல் கிடைத்தாலும், அதில் உள்ள கணக்குகள் சமதரையில் ஓடும் வாகனத்துக்கே பெரிதும் பொருந்துகின்றன. ஆகவே கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து, இங்குள்ள ஏற்ற இறக்கங்களுக்கும் குளிருக்கும் பொருந்தும் பதில்களை எழுதியிருக்கிறேன்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கா சேர்விஸ் போடணும்?

சாதாரண கனிம ஒயிலுக்கு 5,000 கிலோமீற்றர், செயற்கை ஒயிலுக்கு 10,000 கிலோமீற்றர் என்றுதான் சேர்விஸ் ஸ்டேஷன்களில் பெரும்பாலும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். அந்த மீற்றர் கணக்கிடுவது வீதியின் நீளத்தை மட்டுமே. கித்துல்கலையிலிருந்து அட்டன் வரை இரண்டாம், மூன்றாம் கியரில் ஏறும் வாகனத்தின் எஞ்சின், அதே தூரத்தைச் சமதரையில் கடைசி கியரில் ஓடும் எஞ்சினைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்றுகிறது. ஒயில் தேய்வது அந்தச் சுற்றுக்கும் சூட்டுக்கும்தான்.

மலைக்குள்ளேயே ஓடும் காருக்குக் கனிம ஒயிலை 4,000 கிலோமீற்றரிலும், செயற்கை ஒயிலை 7,000 கிலோமீற்றரிலும் மாற்றுவது நல்லது என்பது என் அனுபவ முடிவு. அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒயில் மாற்றும்போது ஒயில் பில்டரையும் மாற்றாமல் விடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையையே திரும்ப உடுத்துவது போன்றது.

ஒயில் அளவு பார்க்கிறது காலையிலயா, ஓடி வந்த பிறகா?

எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடமாவது ஆன பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நேரத்தைவிட இடமே முக்கியம். லயத்துக்கு முன்னாலோ வீட்டு வாசலிலோ சரிவில் நிற்கும் காரில் குச்சியை இழுத்துப் பார்த்தால், ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதால் அளவு கூடவோ குறையவோ காட்டும். பெற்றோல் ஷெட்டின் தளம், கோயில் முற்றம் போன்ற சமமான இடத்தில் நிறுத்திக் குச்சியைத் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஒயிலை நுரையாக அடித்துவிடும். நுரைத்த ஒயிலால் எஞ்சினைக் காக்க முடியாது.

ஒயில் மூடியைத் திறந்தா உள்ளுக்கு வெள்ளையா பாலாடை மாதிரி ஒட்டியிருக்கு. எஞ்சின் போச்சா?

நுவரெலியா, கந்தப்பளை, அப்புத்தளைப் பக்கத்து வாகனங்களில் இதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். பிள்ளையைப் பாடசாலையில் விட்டுக் கடைக்குப் போய்த் திரும்பும் இரண்டு, மூன்று கிலோமீற்றர் ஓட்டத்தில் குளிர்ந்த எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் ஒயிலோடு கலந்து, மூடியின் உட்பக்கத்தில் பழுப்பு கலந்த வெள்ளை ஆடையாகப் படிகிறது. விரலால் வழித்தால் வெண்ணெய்போல் வழுக்கும். அதைத் துடைத்துவிட்டு, ஒருநாள் நாற்பது நிமிடமாவது தொடர்ந்து ஓட்டி, மறுபடி திறந்து பாருங்கள். வரவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் குச்சியில் வரும் ஒயிலே பால் தேநீர் நிறத்தில் இருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் கசிவு எதுவும் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தாலோ, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் என்ற தகட்டின் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த வாகனத்தை அதற்குமேல் ஓட்டக்கூடாது.

கூலன்ட் எதுக்கு? நம்ம பீலித் தண்ணியே ஐஸ் மாதிரி இருக்கே.

கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரின் குளிர்ச்சி எஞ்சினுக்குள் போன சில நிமிடங்களில் மறைந்துவிடும். அதன்பின் இரண்டு குறைகள் மிஞ்சும். ஒன்று, அதில் கரைந்துள்ள தாதுக்களும் காற்றும் ரேடியேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் துருப்பிடிக்க வைக்கும். மற்றது, உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை குறைகிறது. 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைத்து அந்தக் கொதிநிலையை உயர்த்துகிறது என்பதால், மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். சில நூறு ரூபாயைப் பார்த்து இதைத் தள்ளிப்போட்டு, பிறகு எஞ்சின் ஹெட்டையே கழற்ற வேண்டி வந்தவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

கூலன்டும் சுத்தமான தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலையும் உயரும், துருவும் பிடிக்காது. நடுவழியில் வேறு வழியே இல்லையென்றால் பீலித் தண்ணீரை ஊற்றலாம்; வீடு வந்ததும் அதை இறக்கிவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள்.

ஏத்தத்துல ஹீட் முள்ளு மேல ஏறிடுச்சு. என்ன செய்யிறது?

ஏசியை நிறுத்திவிட்டு, உள்ளே சூடான காற்று வரும்படி ஹீட்டரை முழு அளவில் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான்; எஞ்சின் சூட்டின் ஒரு பங்கை அது வாகனத்துக்குள் எடுத்துவிடும். பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள். ஆவி கிளம்பியிருந்தால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் மூடி தளர்ந்த அந்தக் கணத்திலேயே கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, தடித்த துணியால் மூடிப் பிடித்து, கால் சுற்றுத் திருப்பி அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே திறக்கலாம். குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும்.

இந்தப் பிரச்சினைக்கு மருந்தாக, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தர்மோஸ்டட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம்மூரில் இருக்கிறது. அப்படிச் செய்தால் குளிரில் எஞ்சின் ஒருநாளும் சரியான சூட்டுக்கு வராது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், மேலே சொன்ன வெள்ளை ஆடையும் நிரந்தரமாகிவிடும்.

நுவரெலியாவுக்குப் போனா மட்டும் கார் இழுக்கவே மாட்டேங்குது. எஞ்சின் பழுதா?

அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் உறிஞ்சும் காற்று குறைவதால் அதன் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். 800 சிசி, 1,000 சிசி கார்களில் நான்கு பேர் ஏறினால் அது நன்றாகவே தெரியும். ஆகவே இது பழுதாக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து மண் வீதியில் ஓடும் வாகனமானால் எயார் பில்டரைத் தட்டிப் பாருங்கள். புழுதி அடைத்திருந்தால் இருக்கும் குறைவோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

இறக்கத்துல எந்த கியர்ல வரணும்?

எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரில் இறங்குங்கள். பழைய சாரதிகள் சொல்லும் இந்தக் கணக்கு இன்றைக்கும் சரிதான். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, ரம்பொடை வழியாகச் சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டிக்கு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த இறக்கத்தில் இழக்கும் சக்தி முழுவதும் சூடாக மாறினால், நாற்பது லீற்றருக்கும் மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சின் எடுக்காமல் விடும் மிச்சம் முழுவதும், உள்ளங்கை அகலம்கூட இல்லாத பிரேக் பேட்களின் மேல்தான் இறங்குகிறது.

கியரை இறக்கத்தின் தலைப்பிலேயே மாற்றிவிட வேண்டும். வேகம் எடுத்த பிறகு மாற்றுவது கடினம். எஞ்சின் உறுமுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது எஞ்சினுக்குத் தீங்கில்லை. பிரேக்கை முழு வழியும் மெல்ல மிதித்தபடி வராமல், முடக்குக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிடுங்கள். பேட்கள் ஆறுவதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

நம்மளது ஒட்டோ. ஹைபிரிட் வேற. அதுக்கு கியர் இல்லையே?

இருக்கிறது. ஒட்டோ கியரில் 'டி'யை அடுத்து 'எஸ்', 'எல்' அல்லது '2' என்று எழுதியிருப்பவை இறக்கத்துக்கும் உரியவை. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் 'டி'யை அடுத்துள்ள 'பீ' இதற்கென்றே வைக்கப்பட்டது. வண்டி வாங்கி ஐந்து வருடமாகியும் அந்த எழுத்தைத் தொட்டே பார்க்காதவர்கள் பலர்.

ஹைபிரிட் கார் இறக்கத்தில் பெட்டரியை நிரப்பிக்கொண்டே வேகத்தைக் குறைக்கிறது. நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிரம்பிவிட்டால் அந்த உதவி குறைந்து, எஞ்சின் திடீரெனச் சத்தமாகச் சுழலத் தொடங்கும். அது பழுதல்ல, மிஞ்சிய சக்தியை எஞ்சின் மூலம் செலவழிக்கிறது. பின் ஆசனத்தின் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரம் பெட்டரியைக் குளிர்விப்பதற்கானது. அதன் மேல் மரக்கறிப் பையையோ கம்பளிப் போர்வையையோ வைக்காதீர்கள். அங்கே பில்டர் இருந்தால் சேர்விஸின்போது சுத்தப்படுத்தச் சொல்லுங்கள்.

நியூட்ரல்ல விட்டா பெற்றோல் மிச்சம்தானே?

பழைய காபரேட்டர் எஞ்சின் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை இது. இன்றைய இன்ஜெக்டர் எஞ்சினில், கியரில் இருந்தபடி அக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருள் பெரும்பாலும் முற்றாகவே நிறுத்தப்படுகிறது. சில்லுகள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகவே பெற்றோல் எரிய வேண்டும். ஆகவே மிச்சமும் இல்லை, எஞ்சினின் பிடியும் இல்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கொடியது. இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாக இறுகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

இறங்கி வந்தா சில்லுப் பக்கம் கருகின மணம் வருது. தண்ணி ஊத்தலாமா?

ஊற்றக்கூடாது. சிவக்கச் சூடேறிய டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது வளையும், வெடிக்கவும் கூடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது, முப்பது நிமிடம் காற்றில் ஆற விடுங்கள்.

பெடல் எப்படி இருந்தது என்பதையும் கவனித்து எங்களிடம் சொல்லுங்கள். பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட்கள் சூட்டில் பிடியை இழந்துவிட்டன. கழற்றினால் அவற்றின் முகம் கண்ணாடிபோல் மினுங்கும். பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கினால் பிரேக் ஒயில் கொதித்துவிட்டது. இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து.

பிரேக் ஒயில் குறைஞ்சா வீட்டுல இருக்கிற எஞ்சின் ஒயிலை ஊத்தலாமா?

ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். நாம் ஒயில் என்று அழைத்தாலும் அது ஒயில் அல்ல, வேறு வகைத் திரவம். சில வருடங்களுக்கு முன், மூன்று மேசைக்கரண்டி அளவு எஞ்சின் ஒயில் ஊற்றப்பட்ட ஒரு வான் எங்களிடம் வந்தது. பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியபோது உள்ளேயிருந்த ரப்பர் வளையங்கள் ஊறிய கடலைபோல் பருத்து, விரலால் நசுக்கினால் பிய்ந்து வந்தன. நான்கு சில்லுகளிலும் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

தாங்கியின் மூடியிலேயே டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4இல் இவை 230, 155. வருடத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம் ஊர்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை முழுவதும் மாற்றுவது கட்டாயம். அளவு குறைந்துகொண்டே வந்தால் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. நிரப்புவதோடு விட்டுவிடாமல் காரணத்தைப் பாருங்கள்.

டயர்ல தவாளிப்பு நல்லா இருக்கு. பிறகு எதுக்கு மாத்தச் சொல்றீங்க?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. குறைவாக ஓடும் காரில் தவாளிப்புத் தேயும் முன்பே ரப்பர் இறுகிவிடும். பக்கவாட்டில் முடிபோன்ற வெடிப்புகள் தெரியும். இறுகிய ரப்பர் நனைந்த தாரைப் பிடிப்பதில்லை. பத்து வருடம் தாண்டிய டயரை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பொருத்திக் கொடுப்பதில்லை.

தவாளிப்பின் அடியில் தெரியும் சிறு மேடு 1.6 மில்லிமீற்றரைக் குறிக்கிறது. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் ஓடுகிறவர்கள் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுங்கள். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முடக்கில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரணச் சாரதியால் மீட்க முடியாது.

கொழும்புல காத்து அடிச்சிட்டு மேல வந்தா, இங்க குறைக்கணுமா கூட்டணுமா?

குளிரினால் டயருக்குள் அழுத்தம் குறையும். 15 பாகை வித்தியாசத்துக்கு இரண்டு பிஎஸ்ஐக்குச் சற்று மேல். அதேவேளை வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஏறக்குறைய மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மேலேயே தங்கினால், மறுநாள் காலை ஓடுவதற்கு முன் அளந்து, சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள்.

வருஷத்துக்கு ஒரு கிளட்ச் போகுது. சாமான் தரமில்லையா?

சில வேளை அப்படியும் இருக்கலாம். பெரும்பாலும் காரணம் ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்சைப் பாதி விட்டு வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம். எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் தட்டு உரசிக் கருகிக்கொண்டேயிருக்கும். நின்றவுடன் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை எடுத்துவிடுங்கள். புறப்படும்போது எஞ்சின் சத்தம் தணிந்து முன்பக்கம் சற்றே உயரும் கணத்தில் ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருளாது.

மாசி குளிர்ல காலைல ஸ்டார்ட் எடுக்குதில்ல.

குளிரில் பெட்டரியின் வலு குறையும், ஒயிலும் தடிக்கும். முனைகளில் பச்சை வெள்ளைத் தூள் பூத்திருந்தால் கழற்றிச் சுடுதண்ணீரால் கழுவி, காய்ந்த பின் இறுக்கி, கிறீஸ் பூசுங்கள். இரவு முழுதும் நின்ற பெட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவிலும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 13க்குக் கீழே இருந்தால் குறை பெட்டரியை நிரப்பும் அல்டர்னேட்டரிலோ அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கலாம். புதுப் பெட்டரி வாங்குமுன் இதை அளக்கச் சொல்லுங்கள்.

மூடுபனில கண்ணாடி உள்பக்கம் வேர்த்துப் போகுதே?

ஏசியையும் சூடான காற்றையும் ஒன்றாகப் போட்டு முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும். மூடுபனியில் ஹெட்லைட்டைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு சிக்னல்களையும் மினுங்க விட்டு ஓடும் பழக்கம் வேண்டாம். நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

வீட்டுக்கிட்ட சமமான இடமே இல்ல. சரிவுல எப்படி நிப்பாட்டுறது?

ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். முன்சில்லுகளை, வண்டி உருண்டால் மண்மேட்டில் முட்டும்படி திருப்பி வையுங்கள். சில்லுக்கு ஒரு மரக்கட்டையும் போடுங்கள். ஒட்டோ காரில் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை முதலில் இழுத்து, பிறகே பார்க்கிங்குக்கு மாற்ற வேண்டும். மாறிச் செய்தால் காரின் முழுப் பாரமும் கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு பல்லின் மேல் தொங்கும். காலையில் எடுக்கும்போது 'டக்' என்று கேட்பது அதனால்தான்.

புகைப் பரிசோதனைல தோத்துட்டேன். எஞ்சின் இறக்கணுமா?

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும் நாளில்தான் பலர் எயார் பில்டரையே நினைக்கிறார்கள். ஒயிலும் பில்டரும் மாற்றி, பெற்றோல் காரானால் பிளக்கைப் பார்த்து, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிக்கொண்டு போய் மறுபடி காட்டுங்கள். நீலப் புகை வந்தால் மட்டும் ஒயில் எரிகிறது என்று கொண்டு எங்களிடம் வாருங்கள்.

டாஷ்போர்ட்ல லைட் எரியுது. வீடு வரைக்கும் ஓட்டலாமா?

சிவப்பென்றால் நிறுத்த வேண்டும். அதிலும் ஒயில் குவளைபோன்ற விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணையுங்கள். மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெல்ல ஓட்டி வரலாம். அது மினுங்கினால் எஞ்சின் சரியாக எரியவில்லை, ஏற்றம் ஏறாதீர்கள்.

இறக்கத்துல பிரேக்கே பிடிக்காம போனா என்ன செய்யிறது?

பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். சில வேளை அழுத்தம் திரும்பும். அதே நேரத்தில் கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள்; ஒட்டோவில் 'எல்' அல்லது 'பீ'. ஹேண்ட்பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லுகள் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும் என்பதால், பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாக இழுங்கள். பொத்தான் வகை மின் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் அதை விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். சாவியை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். ஹோனை அடித்துக்கொண்டே இருங்கள்.

அப்படியும் நிற்காவிட்டால், நம் வீதிகளில் அனேகமாக எங்கும் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடும் கானும். எதிரே வாகனம் வராத தருணம் பார்த்து, வேகம் கூடுமுன்பே மேட்டுப் பக்கக் கானில் சில்லை இறக்கி, வண்டியின் பக்கவாட்டை மண்ணில் உரச விடுங்கள். கதவும் மட்கார்டும் போகும்; அவற்றை நாங்கள் தட்டி நிமிர்த்தித் தருவோம்.

நின்ற பிறகு, பெடல் மறுபடி இறுகிவிட்டது என்று ஓட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அப்படி வந்த ஒரு காரின் காற்று வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தபோது, தேநீர்ச் சாயம்போல் கறுத்த திரவம் குமிழி குமிழியாக வந்தது. இன்னும் இரண்டு முடக்கு இருந்திருந்தால் அது மறுபடி கொதித்திருக்கும். ஒரு லொறியைப் பிடித்துக் காரை இழுத்துக்கொண்டு வாருங்கள்.